பட்டம் முதலில், சட்டம் பிறகு: கிரேஹவுண்ட் ஓட்டத்தின் தொடக்க ஆண்டுகள்

விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதலில் மக்கள் விளையாடினார்கள், பின்னர் விதிகள் வந்தன, விதிகளைக் காக்க ஓர் அமைப்பு வந்தது, கடைசியில் அந்த அமைப்பு வாகையர் போட்டியை நடத்தியது என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். கேட்க ஒழுங்காக இருக்கும் இந்தக் கதை பல விளையாட்டுகளுக்குப் பொருந்தவும் செய்யும். பிரிட்டனில் கிரேஹவுண்ட் நாய்கள் ஓடிய போட்டிகளின் தொடக்க ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் மட்டும் வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே பட்டம் முதலில் வந்தது. அந்தப் பட்டத்துக்கு ஒரு பொருள் வேண்டும் என்ற நெருக்கடியில்தான் தூரமும் அடையாளமும் ஆட்சி அமைப்பும் உருவாயின. இதை நிறுவுவதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம். சூதாட்டத்தின் ஒரு கிளை என்று இந்த ஓட்டத்தை ஒதுக்கிவிடுகிறவர்களுக்கும் இதில் பதில் சொல்லியாக வேண்டும்.

நம்மூர்ச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்குக் கிரேஹவுண்டின் உடல்வாகைத் தனியே விவரிக்க வேண்டியதில்லை. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள். மோப்பத்தை நம்பாமல் கண்ணை நம்பி ஓடும் வேட்டை நாய். இங்கிலாந்தில் இந்த நாய்களை முயல் மீது ஏவிப் போட்டி நடத்துவது மிகப் பழைய வழக்கம். 1776இல் நார்ஃபோக் மாவட்டத்து ஸ்வாஃபமில் ஆர்ஃபோர்டு பிரபு அதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். ஆனால் நாடு முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு பட்டம் உருவானது 1836இல்தான். லிவர்பூலில் வாட்டர்லூ ஹோட்டலை நடத்திய வில்லியம் லின், அருகிலிருந்த ஆல்ட்கார் சமவெளியில் எட்டு நாய்களை வைத்து வாட்டர்லூ கோப்பையைத் தொடங்கினார். ஹோட்டல்காரர் ஒருவர் ஒரு போட்டியைத் தொடங்கினால் அறைகள் நிரம்ப வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். அதில் குறை காண எதுவுமில்லை. கோப்பை வளர்ந்தது. 1857இல் 64 நாய்கள் மோதும் போட்டியாயிற்று. தேசிய அளவில் விதிகளைக் கவனிக்கும் நேஷனல் கோர்சிங் கிளப் தோன்றியது அதற்கடுத்த ஆண்டான 1858இல். நாய்களின் வம்சாவளிப் பதிவேடு 1882இல் வந்தது. கோப்பைக்கும் கிளப்புக்கும் இடையே 22 ஆண்டு, கோப்பைக்கும் பதிவேட்டுக்கும் இடையே 46 ஆண்டு. நான் சொல்லும் வரிசையின் முதல் சான்று இது.

அந்தப் பழைய போட்டியில் யார் வென்றார் என்பது எப்படி முடிவானது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டே நாய்கள் ஓடும். ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டை, மற்றொன்றுக்கு வெள்ளைப் பட்டை. இரண்டையும் ஒரே கயிற்றில் பிடித்திருப்பவர், முயலைக் கொஞ்ச தூரம் முன்னே ஓடவிட்டுப் பிறகு ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவார். நடுவர் குதிரை மேல் ஏறிப் பின்தொடர்வார். முயலை முதலில் எட்டிய வேகத்துக்குச் சில புள்ளிகள், அதைத் திசைதிருப்பியதற்குச் சில புள்ளிகள், எதிரி நாயைப் பின்தள்ளி முந்தியதற்குச் சில புள்ளிகள் என்று மனக்கணக்காகக் கூட்டி, ஓட்டம் முடிந்ததும் சிவப்போ வெள்ளையோ ஒரு துணியை உயர்த்திக் காட்டுவார். முயலைக் கொன்ற நாய்தான் வெல்லும் என்ற கட்டாயம் கிடையாது. கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே வாட்டர்லூ கோப்பை தந்த பட்டம் அறிந்த ஒருவரின் தீர்ப்பு. அதை ஓர் அளவீடு என்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அந்தத் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு மாஸ்டர் மெக்ராத் சாட்சி. அயர்லாந்தில் பிறந்து லர்கன் பிரபுவுக்குச் சொந்தமாயிருந்த இந்தச் சிறிய நாய் 1868, 1869, 1871 ஆகிய மூன்று ஆண்டுகள் கோப்பையை வென்றது. இடையில் 1870இல் ஓடும்போது பனிக்கட்டி உடைந்து ஆற்றில் விழுந்து, சாவின் விளிம்பிலிருந்து காப்பாற்றப்பட்டது. மூன்றாவது வெற்றிக்குப் பின் விக்டோரியா அரசியே அதைப் பார்க்க விரும்பினார். அயர்லாந்தில் டங்கார்வன் அருகே அதற்கு ஒரு நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது.

உயிருள்ள முயலுக்குப் பதில் இயந்திர முயல் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1876 செப்டம்பரில் லண்டனுக்கு அருகே ஹெண்டனில், வெல்ஷ் ஹார்ப் என்ற இடத்தில், 400 கெஜ நீளத்துக்கு ஒரு தண்டவாளம் பதித்து, அதன் மேல் பொம்மை முயலை இழுத்து நாய்களை ஓடவிட்டார்கள். பத்திரிகைகள் எழுதின, மக்களும் வந்து பார்த்தார்கள், அதோடு சரி. பாதை நேர்கோடாக இருந்ததால் வேகமான நாயே ஒவ்வொரு முறையும் வென்றது, பார்ப்பவர்களுக்கு அலுத்துவிட்டது என்று பொதுவாகக் காரணம் சொல்கிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஓவன் பாட்ரிக் ஸ்மித் பல ஆண்டுகள் முயன்று வளைந்த தடத்தில் மின்விசையால் ஓடும் முயலை உருவாக்கி, 1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் ஒரு தடத்தைத் திறந்தார். வளைவு இருந்தது, மின்சாரம் இருந்தது. அப்படியும் அந்தத் தடம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆக, இயந்திரம் வந்ததும் விளையாட்டு பிறந்துவிட்டது என்று எழுதுவது பொருந்தாது. அடுத்த சில ஆண்டுகளில் பந்தயப் பணம் புழங்கிய இடங்களில்தான், குறிப்பாக ஃபுளோரிடாவில், அமெரிக்கத் தடங்கள் வேரூன்றின. இந்த உண்மை என் வாதத்துக்கு எதிரானதுபோலத் தோன்றும். அதற்கு இன்னும் சற்று நேரத்தில் வருகிறேன்.

சார்லஸ் மன் என்ற அமெரிக்கர் ஸ்மித்தின் இயந்திரத்துக்கான உரிமையை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். படைத்துறையிலிருந்து வந்த பிரிகேடியர் ஜெனரல் கிரிட்ச்லி போன்றோர் துணைக்குச் சேர்ந்து கிரேஹவுண்ட் ரேசிங் அசோசியேஷன் என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வ்யூ தடத்தில் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஏறத்தாழ 1,700 பேர். மொத்தம் ஆறு ஓட்டங்கள். முதல் ஓட்டத்தில் 440 கெஜத்தை 25 விநாடியில் கடந்து மிஸ்ட்லி என்ற நாய் வென்றது. சில வாரங்களிலேயே பார்வையாளர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் நாட்டில் சுமார் 40 தடங்கள். 1927இல் நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் 50 லட்சத்துக்கு மேல். 1928இல் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல். இந்த வேகத்துக்குக் காரணம் தெளிவானது. குதிரைப் பந்தயம் ஊருக்கு வெளியே, வேலை நாளில், பகலில் நடந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் ரொக்கம் கட்டிப் பந்தயம் வைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. வசதியுள்ளவர் மட்டும் கணக்கு வைத்துப் பந்தயம் கட்டலாம். நாய்த் தடமோ டிராம் போய்ச் சேரும் இடத்தில், ஆலை விட்ட பிறகு, விளக்கொளியில் நடந்தது. அங்கே கையிலிருக்கும் சில்லறையைச் சட்டப்படி பந்தயம் கட்ட முடிந்தது.

எதிர்ப்பும் அதே வேகத்தில் எழுந்தது. தேவாலயங்களும் நகர சபைகளும் செய்தித்தாள்களும் இதைத் தொழிலாளியின் கூலியைப் பறிக்கும் சூதுக்கூடம் என்றன. எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் பக்கன், தடங்களை அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளூர் அமைப்புகளிடம் தரும் மசோதா ஒன்றை 1928இல் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. இந்தச் சூழலில்தான் நிறுவனத்தார் வாகையர் போட்டிகளைத் தொடங்கினார்கள். லண்டனில் வெள்ளை நகரம் என்று பொருள்படும் ஒயிட் சிட்டி அரங்கம் 1927 ஜூனில் நாய்களுக்குத் திறக்கப்பட்டது; அதே ஆண்டு அக்டோபரில் அங்கே முதல் கிரேஹவுண்ட் டெர்பியின் இறுதி ஓட்டம் நடந்தது. 500 கெஜத்தை 29.01 விநாடியில் ஓடி என்ட்ரி பேட்ஜ் வென்றது. பெண் நாய்களுக்கான ஓக்ஸும் தடைதாண்டும் கிராண்ட் நேஷனலும் அதே ஆண்டில் அதே அரங்கில் வந்தன. மறு ஆண்டில் வெம்ப்ளியில் 700 கெஜ செயின்ட் லெஜர், வெஸ்ட் ஹாமில் செசரெவிச், கிளாப்டனில் 400 கெஜ ஸ்கர்ரி கோல்டு கப். பெரும்பாலான பெயர்கள் குதிரைப் பந்தயத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. எப்சமின் டெர்பி 1780இலிருந்து சேர்த்து வைத்திருந்த மதிப்பைக் கடனாகப் பெறும் முயற்சி இது என்பதில் ஐயமில்லை. எங்களுடையதும் விளையாட்டுத்தான், எங்களுக்கும் ஆண்டுக்கொருமுறை ஒரு வாகையர் உண்டு என்று நாட்டுக்குச் சொல்ல விரும்பினார்கள்.

கடன் வாங்கிய பெயரோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதைப் பேச வந்திருக்க மாட்டேன். பட்டத்தை அறிவித்த பிறகுதான் அது என்னென்ன கேட்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்தது. முதலாவது தூரம். 1927இல் 500 கெஜமாக இருந்த டெர்பி 1928இல் 525 கெஜமாயிற்று. அன்றுமுதல் வெற்றியாளர்களின் நேரத்தை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது: 1928இல் போஹர் ஆஷ் 30.48, 1929இல் மிக் த மில்லர் 29.96, 1930இல் மீண்டும் அதே நாய் 30.24. வாட்டர்லூ கோப்பையின் தொண்ணூறு ஆண்டுகளில் இப்படி ஒரு வரிசை எழுதவே முடியாது. இரண்டாவது, ஆட்சி. டெர்பி நடந்து இரண்டரை மாதம் கழித்து, 1928 ஜனவரியில், நேஷனல் கிரேஹவுண்ட் ரேசிங் கிளப் அமைந்தது. அதன் விதிகள் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. முதல் ஓட்டத்திலிருந்து எண்ணினால் பதினைந்து மாதத்தில் பட்டம், பதினெட்டாவது மாதத்தில் அமைப்பு, அதன் பிறகு விதிப் புத்தகம். குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி கிளப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே இருந்தது, டெர்பி அதற்குப் பின் வந்தது. நாய்களிடம் அந்த வரிசை மாறிவிட்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. விதிகளைக் கொண்டுவந்தது பட்டமல்ல, பந்தயப் பணம். ஏமாற்று நடந்தால் மக்கள் பணம் கட்ட மாட்டார்கள், ஆகவே ஏமாற்றைத் தடுக்க விதி வந்தது, அவ்வளவுதான் என்பார்கள். அமெரிக்கத் தடங்கள் பணத்தால் பிழைத்தன என்று சற்று முன் நானே சொன்னதையும் எடுத்துக் காட்டுவார்கள். பணமில்லாமல் இந்த ஓட்டம் பிழைத்திருக்காது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரிரவுப் பந்தயத்துக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். அன்றைய பிரிட்டனில் நாய்கள் அந்தந்தத் தடத்தின் கொட்டில்களிலேயே, அந்தந்தத் தடத்தின் பயிற்சியாளரிடமே வளர்ந்தன. எந்த நாய் எது என்று மேலாளருக்குத் தெரியும். ஒத்த வேகமுள்ள நாய்களை அவரே தேர்ந்து ஒன்றாக ஓடவிடுவார். ஒரு தடம் தன்னளவில் ஒழுங்காக இருந்தால் போதும். அடுத்த ஊர்த் தடத்தில் என்ன தூரம், யார் நடுவர் என்ற கேள்வியே எழாது. மான்செஸ்டரிலிருந்தோ டப்ளினிலிருந்தோ ஒரு நாய் லண்டனுக்கு வந்து பட்டத்துக்கு ஓடும்போதுதான் வந்து நிற்பது உண்மையிலேயே அந்த நாய்தானா என்று யாராவது உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. உடலின் நிறம், மறு, நகம் முதலியவற்றைக் குறித்துவைக்கும் அடையாளப் புத்தகம் இதற்கு வேண்டும். தடங்களுக்கு மேலே நிற்கும் ஒருவர்தான் அதை எல்லோரும் ஏற்கும்படி வழங்க முடியும். பணம் ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியே நேர்மையைக் கேட்டது. தடங்கள் எல்லாம் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டது பட்டம்.

இந்த வாதத்துக்கு உரைகல் மிக் த மில்லர். 1926இல் அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில் கில்லி என்ற சிற்றூரில் மார்ட்டின் பிராஃபி என்ற பாதிரியார் வளர்த்த நாய். குட்டியாக இருக்கும்போது டிஸ்டெம்பர் காய்ச்சல் கண்டு பிழைத்தது. 1929இல் டெர்பிக்காக லண்டன் வந்து, முதல் சுற்றில் 525 கெஜத்தை 29.82 விநாடியில் ஓடி, அந்தத் தூரத்தை 30 விநாடிக்குள் கடந்த முதல் நாயாயிற்று. ஆல்பர்ட் வில்லியம்ஸ் என்ற பந்தயத் தரகர் அதை 800 கினி கொடுத்து வாங்கினார். இறுதி ஓட்டத்தில் நான்கு நாய்கள். முதல் வளைவில் மிக் உட்பட மூன்று நாய்கள் மோதிக்கொண்டன. தப்பிய பலாட்டினஸ் தனியே ஓடி வென்றது. ஓட்டம் செல்லாது என்று ஊதுகுழல் ஒலித்தது. மறுபடி ஓடவிட்டார்கள், மிக் வென்றது. மக்களுக்குப் பிடித்த நாய்க்காக விதியை வளைத்தார்கள் என்று சொல்ல இது இடம் தருகிறது; அந்த ஓட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் என்னால் அதை மறுக்க முடியாது. ஆனால் 1931ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள் இரண்டு டெர்பிகளையும் தொடர்ந்து 19 ஓட்டங்களையும் வென்று, நாடே பேர் சொல்லி அழைக்கும் நாயாக மிக் ஆகியிருந்தது. மூன்றாவது டெர்பியின் இறுதி ஓட்டத்தில் முடிவுக் கோட்டை முதலில் தொட்டதும் மிக்தான். கரவொலி அடங்குவதற்குள் ஊதுகுழல் ஒலித்தது. ஓடும்போது ரைலண்ட் ஆர் என்ற நாய் மற்றொன்றின் மேல் பாய்ந்து இடைஞ்சல் செய்திருந்தது. மறுபடி ஓடியபோது செல்டம் லெட் வென்றது. வயது ஐந்தை நெருங்கிய நாய் அரைமணி இடைவெளியில் இரண்டாவது முறை ஓடித் தோற்றது. அரங்கிலிருந்த பெருங்கூட்டமும், மிக் மேல் பணம் கட்டியவர்களும், அதன் புகழால் சீட்டு விற்ற நிறுவனமும் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. அத்தனை பேருக்கும் எதிராக அந்த ஊதுகுழல் ஒலித்தது என்பதே எனக்கு முக்கியம். 1927இல் மதிப்புக்காகக் கடன் வாங்கிய பெயர், நான்கு ஆண்டில் தன்னைத் தொடங்கியவர்களின் இலாபத்தையே மறுக்கும் அளவுக்குக் கனத்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வெம்ப்ளியில் செயின்ட் லெஜரை வென்றுவிட்டு மிக் ஓய்வு பெற்றது. 1939இல் இறந்த பின் அதன் உடல் பதப்படுத்தப்பட்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. இன்று அதை டிரிங் நகரில் பார்க்கலாம்.

நிறுவனத்தார் செய்தது விளம்பரம், ஆகவே அதில் பெருமைப்பட எதுவுமில்லை என்ற மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டாம். லின் அறை நிரப்பத்தான் கோப்பை தொடங்கினார். தொடங்கியவரின் நோக்கத்தை வைத்து ஒரு போட்டியை அளந்தால் உலகில் மிகச் சில போட்டிகளே தேறும். அது வளர்ந்தபின் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அரசும் ஏறத்தாழ அப்படித்தான் பார்த்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் நாய்த் தடங்களில் பந்தயப் பணத்தைத் தொகுத்து வென்றவர்களுக்குப் பங்கிடும் டோட் இயந்திரத்தை அனுமதித்து, ஒரு தடம் ஆண்டில் 104 நாட்களுக்கு மேல் பந்தயம் நடத்தக் கூடாது என்று வரம்பு கட்டியது. ஒழித்துவிட வேண்டிய தீமையாகக் கருதியிருந்தால் இந்த ஏற்பாடு வந்திராது. தடங்கள் பின்னாளில் ஒவ்வொன்றாக மூடின. ஒயிட் சிட்டி 1984இல் மூடியது. டெர்பி மூடவில்லை. விம்பிள்டன் போயிற்று, அங்கிருந்து 2017இல் டோஸ்டர் போயிற்று, இடையில் நாட்டிங்ஹாமிலும் நடந்தது. உயிர் முயலை வைத்து நடந்த வாட்டர்லூ கோப்பை மட்டும், வேட்டைத் தடைச் சட்டத்தால் 2005உடன் முற்றுப்பெற்றது.

எஞ்சியிருக்கும் மறுப்பு ஒன்றுதான். அதற்கு என்னிடம் தப்பும் வழி இல்லை, தேடவும் விரும்பவில்லை. இந்தப் பெருமை எல்லாம் வென்ற நாய்களுடையது. ஓடித் தோற்றவை, கால் முறிந்தவை, வயதானவை என்னவாயின என்பதே அது. டெர்பி ஓட வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் குட்டிகளை ஈனச் செய்ய வேண்டும். இறுதி ஓட்டத்துக்கு வருபவை நான்கோ ஆறோதான். மிக் த மில்லரின் பிறந்த ஊர், விலை, விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை அதன் நேரம் எல்லாம் நமக்குத் தெரியும். அதே தடத்தில் புதன்கிழமை இரவு ஐந்தாவதாக வந்த நாயின் கடைசி நாள் தெரியாது. ஆட்சி அமைப்பால் தெரிந்துகொள்ள முடியாமல் போனதல்ல இது. ஒவ்வொரு நாயின் மறுவையும் நகத்தையும் எழுதிவைத்த அடையாளப் புத்தகம் 1928இலிருந்தே அவர்கள் கையில் இருந்தது. பட்டம் கேட்டதால் அந்தப் புத்தகத்தைத் திறந்தார்கள். நாய் ஓடுவதை நிறுத்தியதும் மூடிவிட்டார்கள். கடைசி ஓட்டத்துக்குப் பின் நாய் எங்கே போயிற்று என்பதற்கு அதில் இன்னும் ஒரு வரி போதுமாயிருந்தது. ஓய்வு பெற்ற நாய்களுக்கு வீடு தேடித் தரும் அறக்கட்டளை ஒன்றை அந்த விளையாட்டு உலகம் ஏற்படுத்தியது 1970களில். முதல் டெர்பி முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. பட்டத்துக்காக மூன்று மாதத்தில் ஓர் அமைப்பையே கட்டியவர்களுக்கு இதற்கு அவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தேதிகளின் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.